விலாசினியின் வெள்ளைப் பெயிண்ட்

பட்டாம்பியில் என் கடையில் வெள்ளைப் பெயிண்ட் அதிகம் வாங்கியவர் யார் என்று கேட்டால், பள்ளிக்கூடம் கட்டியவர்களையோ கல்யாண மண்டபக்காரர்களையோ சொல்லத் தோன்றும். உண்மையில் அது விலாசினி சேச்சி. மூன்று அறையும் ஒரு அடுக்களையும் உள்ள சின்ன வீடு. பதினொரு வருஷம் மாதம் தவறாமல் வெள்ளை வாங்கினார். அந்த வீட்டுச் சுவரெல்லாம் மஞ்சள். ஒரு மூலையில்கூட வெள்ளை கிடையாது.

நான் தாராபுரத்துக்காரன். இருபத்திரண்டு வயதில் மாமாவின் கடையைப் பார்த்துக்கொள்ள இங்கே வந்தேன். மாமா ஊருக்குத் திரும்பினார், நான் திரும்பவில்லை. பெயிண்ட், ஆணி, தாழ்ப்பாள், பிளைவுட் விற்கிறேன். இங்கே தமிழ்க் கடைக்காரன் என்றால் அண்ணாச்சிதான். நான் திருநெல்வேலிப் பக்கம் இல்லை, கொங்குநாட்டான் என்று முதல் ஐந்து வருஷம் சொல்லிப் பார்த்தேன். பிறகு அண்ணாச்சியாகவே இருந்துவிட்டேன்.

விலாசினி சேச்சி பிறந்தது களம் வரைகிற குருப்பு வீட்டில். கோயில் தரையில் பத்ரகாளியை ஐந்து பொடிகளால் வரைவது அவர்கள் குடும்ப வேலை. அரிசி மாவு வெள்ளை. மஞ்சள் பொடி மஞ்சள். கரித்த உமி கருப்பு. இலைப் பொடி பச்சை. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு. மத்தியானம் உட்கார்ந்தார்கள் என்றால் சாயங்காலம் ஆளைவிடப் பெரிய காளி தரையில் மல்லாந்திருப்பாள். கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். பாட்டும் பூஜையும் முடிந்ததும் அன்றைக்கே கலைத்துவிடுவார்கள். கலைத்த பொடியை நெற்றியில் இட்டுக்கொண்டு ஊர் வீட்டுக்குப் போகும். கண் திறந்த உருவத்தைக் கலைக்காமல் விட்டால் அது திரும்பிப் போகாது, இங்கேயே தங்கிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. தங்கினால் என்ன என்று நான் கேட்டதில்லை. காளியோடு ஒரே வீட்டில் குடித்தனம் செய்வது யாருக்கும் சௌகரியப்படாது.

ஆக, ஏழு தலைமுறையாகப் படம் வரைகிற குடும்பத்தில் ஒரு படம்கூட இல்லை. அந்த வீட்டுக் கூடத்தில் நான் பார்த்த ஒரே படம் நகைக்கடைக் காலண்டர்.

வரைவது ஆண்கள். பொடி செய்வது பெண்கள். அப்பாவும் அண்ணன் அச்சுதனும் கோயில் கோயிலாகப் போனபோது, அம்மா நாணிக்குட்டி கொல்லைப்புறத்தில் இடித்து, சலித்து, கரித்துக்கொண்டிருந்தார். உமி கரிப்பது லேசான வேலை இல்லை. கருப்பாகும்போது நிறுத்த வேண்டும். ஒரு நிமிஷம் தவறினால் வெளுத்துச் சாம்பலாகிவிடும். அச்சுதனின் கல்யாணத்துக்கு ஷொர்ணூரிலிருந்து போட்டோக்காரர் வந்தார். கல்யாணத்துக்கு மறுநாள் ஒரு கோயிலில் களம். அம்மா உமிச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். "நீங்க எடுத்துக்கிட்டு இருங்க, இதோ வந்துட்டேன்" என்றார். வந்து சேர்வதற்குள் ஃபிலிம் தீர்ந்துவிட்டது. அந்த வீட்டில் கேமரா நுழைந்தது அந்த ஒரு நாள்தான். நாணிக்குட்டி அம்மாவுக்குப் போட்டோ என்று ஒன்று இல்லாமல் போனது இப்படித்தான். உமி நன்றாகக் கரிந்திருந்ததாம்.

விலாசினி சேச்சிக்கு யாரும் வரையச் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மாவுக்குப் பொடி சலிக்க உதவுகிற சாக்கில், முறத்தில் மிச்சப் பொடியைத் தூவி விரல் நுனியால் கோடு இழுத்துப் பார்ப்பார். காலடிச் சத்தம் கேட்டால் முறத்தை ஒரு தட்டுத் தட்டுவார். படம் மாவாகிவிடும். இப்படி ஒரு பத்து வருஷம். பிறகு கல்யாணமாகி ஆற்றோரம் இந்த வீட்டுக்கு வந்தார். கணவர் பாலகோபாலன் ரயில்வேயில் சிக்னல் வேலை. நல்ல மனிதர். எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவார், யார் சொன்னாலும் சிரிப்பார்.

நாணிக்குட்டி அம்மா இறந்து வருஷம் திரும்பிய மாதம் சேச்சி முதல் தடவையாக என் கடைக்கு வந்தார். ஐந்து சின்ன டப்பாவும் ஒரு துண்டு பிளைவுட்டும் கேட்டார்.

"எதுக்கு சேச்சி, கதவுக்கா ஜன்னலுக்கா?"

"பலகைக்கு."

"எந்தப் பலகைக்கு?"

"இந்தா, நீங்க இப்ப குடுக்கப் போறீங்களே, அதுக்கு."

வெள்ளை, மஞ்சள், கருப்பு, பச்சை, சிவப்பு. நீலம் வேண்டாமா என்றேன். வேண்டாம் என்றார். அந்தக் கேள்வியைப் பதினொரு வருஷம் கேட்டிருக்கிறேன். என்னிடம் ஆறு வகை நீலம் உண்டு. ஒன்றைக்கூட அவரிடம் விற்க முடியவில்லை. அவர் படத்தில் வானம் காலையில் மஞ்சள், மழைக்குக் கருப்பு. பாரதப்புழை எப்போதும் வெள்ளை. அதில் மட்டும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் ஆற்றில் தண்ணீரைவிட மணல்தான் ஜாஸ்தி.

பிரஷ் பிடிக்கவும் தெரியாது அவருக்கு. பொடியைக் கிள்ளுகிற மாதிரி பிரஷின் ரோமத்தையே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்து வரைவார். விரலெல்லாம் பெயிண்ட். அது தப்பு என்று நான்தான் கைப்பிடியைக் காட்டிக் கொடுத்தேன். அடுத்த மாதம் வந்து, "அண்ணாச்சி, குச்சியில்லாத பிரஷ் இருக்கா?" என்று கேட்டார்.

ஆறாவது வருஷமோ ஏழாவது வருஷமோ, ஒரு நாள் புகாரோடு வந்தார்.

"உங்க வெள்ளை ஒழுங்கா மறைக்க மாட்டேங்குது அண்ணாச்சி. அடியில இருக்கிறது தெரியுது."

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். என் வெள்ளையைச் சொல்லக் கூடாது. மறு ஞாயிற்றுக்கிழமை நேரே வீட்டுக்குப் போய்விட்டேன். பாலகோபாலன் கதவைத் திறந்தார். உள்ளே சுவரில் சாய்த்து வைத்திருந்தது நான் கொடுத்த அதே பலகை. என்னிடமிருந்து போகும்போது அரை அங்குல கனம். இப்போது ஓர் அங்குலத்துக்கு மேல். ஓரத்தைப் பார்த்தால் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. தூக்கிப் பார்த்தேன், கதவு கனம்.

"நாலு நாள் வரைவா," என்றார் பாலகோபாலன். "கடைசில கண்ணு தொறப்பா. என்னைக் கூப்பிட்டுக் காட்டுவா. நான் பார்த்து நல்லாருக்குன்னு சொல்லணும். மறுநாள் வெள்ளை அடிச்சிடுவா."

"நல்லால்லேன்னு சொன்னா?"

"அப்பவும் வெள்ளைதான். கஞ்சி மட்டும் கொஞ்சம் லேட்டாகும்."

சேச்சி கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தார். ஏன் அழிக்கிறீர்கள் என்று கேட்டேன். தரையில் தண்ணீர் கொட்டினால் ஏன் துடைக்கிறாய் என்று கேட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"கண்ணு தொறந்தாச்சுல்ல," என்றார்.

அப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரே பலகைக்குள் நானூறு படமாவது இருக்கும். அதில் பாதிக்கு மேல் அம்மாவின் முகம் என்று பாலகோபாலன் சாயா குடித்தபடி சொன்னார். சேச்சி ஆமாம் என்று தலையாட்டினார்.

"போட்டோ இல்லையே அண்ணாச்சி. மறந்து போயிடக் கூடாதுன்னு வரைஞ்சு பார்த்துக்கிறேன். முன்னெல்லாம் உக்காந்தா வந்துடும். இப்ப மூக்கு வருது, வாய் வர மாட்டேங்குது. வாய் வந்தா நெத்தி போயிடுது."

சரியாக வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. பதில் பலகையின் கனத்திலேயே இருந்தது. என் வெள்ளை நன்றாகத்தான் மறைத்திருந்தது. நானூறு பூச்சு கொடுத்தால் எந்தக் கம்பெனி வெள்ளையும் கொஞ்சம் திணறும்.

இப்படியே போயிருக்கும். கெடுத்தது ஹம்சா மாஷ்தான். அவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், வாசகசாலைக்குச் செயலாளர். சந்தா கேட்க அந்த வீட்டுக்குப் போனவர், பலகையில் பட்டாம்பி பஸ் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டார். வாசகசாலையின் பொன்விழாவுக்கு இந்தப் படம் வேண்டும் என்றார். நாளைக்கு அது இருக்காது என்றார் சேச்சி. மாஷ் அரை மணிநேரம் முற்போக்காகப் பேசினார். சேச்சி முழுவதையும் கேட்டுவிட்டு, கண் திறந்ததை வைத்துக்கொள்ள முடியாது என்றார்.

மாஷ் கணக்கு வாத்தியார் அல்லவா. வாசல்படி இறங்கியவர் திரும்பி நின்றார்.

"அப்ப கண்ணு தொறக்கலேன்னா வெச்சுக்கலாமா சேச்சி?"

சேச்சி ஒரு வாரம் யோசித்தார். பிறகு என் கடைக்கு வந்து இருபது துண்டு பிளைவுட் வாங்கினார்.

பொன்விழாவில் அந்த இருபது படங்களையும் பார்க்கக் கூட்டம் நெரிந்தது. எங்கள் ஊரே சுவரில் இருந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு சைக்கிள் விட்டார். மீன்காரர் கண்ணை மூடிக்கொண்டு மத்தி எடை போட்டார். ஒரு படத்தில் டிரைவர் சேது கண்ணை மூடிக்கொண்டு குளப்புள்ளி பஸ்ஸை ஓட்டினார். உள்ளே இருந்த நாற்பது பேரும் கண்ணை மூடியிருந்தார்கள், அவர்கள் வேண்டிக்கொள்கிறார்கள் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். பஞ்சாயத்து மெம்பர் தாமோதரன் மீட்டிங்கில் தூங்குவது போல இருந்த படத்தைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இருபதில் உள்ளது உள்ளபடி இருப்பது இது ஒன்றுதான் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். நானும் இருந்தேன். கல்லாவில் உட்கார்ந்து, மடியில் கலர் அட்டையை வைத்துக்கொண்டு தூங்கினேன். என் கடையில் நான் ஒரு நாளும் தூங்கியது கிடையாது. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாப் படங்களையும் பார்த்துவிட்டு நான் சேச்சியிடம் கேட்டேன்.

"அம்மா படம் எங்க? இப்ப வெச்சுக்கலாமே. கண்ணை மூடி வரைஞ்சாப் போச்சு."

"வரைஞ்சு பார்த்தேன் அண்ணாச்சி," என்றார். "கண்ணை மூடின அம்மாவை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன். அந்த முகம் எனக்கு வேண்டாம்."

நான் அதற்குப் பிறகு அங்கே நிற்கவில்லை.

பொன்விழா நாலு நாள். இரண்டாம் நாள் காலையில் இருபத்தோராவது படம் வந்தது. பாலகோபாலன் அதை வேட்டியில் சுற்றி எடுத்து வந்தார். விழாவுக்கு முந்தின வாரம், சேச்சி கேட்ட பெரிய பலகை என்னிடம் இல்லாததால், இருந்ததில் பெரிய துண்டைக் கொடுத்திருந்தேன். அதில் நாணிக்குட்டி அம்மா உட்கார்ந்திருந்தார். கையில் சல்லடை. முகத்தில் கரி. கண் இரண்டும் திறந்து, எதிரே நிற்கிறவரைப் பார்த்து, இப்போது என்ன வேண்டும் உனக்கு, வேலை கிடக்கிறது என்று கேட்கிற மாதிரி இருந்தன. நான் அந்த அம்மாவை இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். அச்சு அசல் அவர்தான். எனக்கே ஒரு அடி பின்னால் போகத் தோன்றியது.

"வாய், நெத்தி எல்லாம் ஒண்ணா வந்துருச்சு," என்றார் சேச்சி. சந்தோஷமாகச் சொல்லவில்லை, பயந்து சொன்னார். "இது போச்சுன்னா இனிமே எனக்கு வராது."

யாருக்குப் பயந்தார் என்று எங்களுக்குத் தெரியும். அண்ணன் அச்சுதக் குருப்பு. அப்பாவுக்குப் பிறகு களத்துக்கு அவர்தான் தலைவர். வழக்கத்தில் ஒரு நூல் பிசக விடமாட்டார். ஒரு தடவை களத்துக்குக் கடைப் பொடி கொண்டுவந்தவனை, அந்தப் பொடியை அவனையே தலையில் சுமக்க வைத்து ஊர் எல்லைவரை அனுப்பினார். தங்கை பலகையில் வரைகிறாள் என்று தெரிந்தும் அவர் ஒன்றும் சொல்லாததற்குக் காரணம், அவள் ஒழுங்காக அழித்துக்கொண்டிருந்ததுதான்.

நாலாம் நாள் மத்தியானம் அச்சுதக் குருப்பு என் கடைக்கு வந்தார். குளித்து, ஈரத்தலையோடு, சந்தனம் இட்டிருந்தார்.

"அண்ணாச்சி, காய்ஞ்ச ஆயில் பெயிண்டைத் துடைக்க என்ன வேணும்?"

"காய்ஞ்சு எத்தனை நாள் ஆச்சு?"

"மூணு நாள் இருக்கும்."

"அப்ப முழுசாக் காய்ஞ்சிருக்காது. தின்னர் போதும். பழந்துணியில நனைச்சு, ஒரே பக்கமா இழுங்க. வட்டமாத் தேய்க்காதீங்க, அப்பும்."

நன்றாக விளக்கிச் சொன்னேன். பாட்டிலைக் கட்டிக் கொடுத்தேன். துணியும் நானே சும்மா கொடுத்தேன். சரக்கு விஷயத்தில் நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை, அதனால்தான் இந்த ஊரில் நின்றேன். குருப்பு தெருமுனையில் வாசகசாலைப் பக்கம் திரும்பியபோதுதான் என் மண்டையில் உறைத்தது. இருபது வருஷத்தில் பட்டப்பகலில் கடையைச் சாத்தியது அன்றைக்குத்தான். ஓடினேன். ஓடி அவருக்குப் பத்தடி பின்னால் வந்து சேர்ந்தேன். அவரைத் தாண்டிப் போகத் தைரியம் வரவில்லை. அதே பத்தடியில் பின்னாலேயே நடந்தேன், ஏதோ அவருக்கு ஆள் மாதிரி.

குருப்பு வாசகசாலைக்குள் நுழைந்தார். ஹம்சா மாஷ் முன்னால் வந்து, "குருப்பே, இது பொது இடம்," என்று ஆரம்பித்தார். குருப்பு அவர் தோளைத் தொட்டு மெதுவாக ஒதுக்கினார். மாஷ் ஒதுங்கினார். விலாசினி சேச்சி படத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். மறைத்து நிற்கவில்லை. பக்கத்தில்தான் நின்றார்.

குருப்பு படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யாரு கண்ணு தொறந்தது?"

"நான்தான் ஏட்டா."

"எப்ப?"

"வியாழக்கிழமை சாயங்காலம்."

"விளக்கு வெச்சியா?"

"வெச்சேன்."

"அம்மாவுக்கு இடது கண்ணு கொஞ்சம் சின்னது. உமிப் புகை பட்டு."

"வரைஞ்சிருக்கேன். கிட்ட வந்து பாருங்க."

கிட்டப் போனார். குனிந்தார். அவர் மூக்குக்கும் அம்மாவின் முகத்துக்கும் ஒரு சாண்கூட இல்லை. அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான், அந்த இரண்டு பேரும் அங்கே நின்றார்கள். ஒருவர் கையில் தின்னர், அதுவும் என் கடைத் தின்னர். எனக்கு அழுகை வந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

குருப்பு நிமிர்ந்தார். பாட்டில் மூடியைத் திருகினார். துணியை நனைத்தார். வாடை அறை முழுக்கப் பரவியது. சேச்சி அழவில்லை.

"கலைச்சிடுங்க ஏட்டா. நான் தடுக்க மாட்டேன். ஆனா நீங்களே பண்ணுங்க. வேற யார் கையும் படக் கூடாது," என்றார்.

குருப்பு துணியோடு படத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். படத்தின் அடிப்பாகத்தைப் பார்த்தார். இந்த ஓரத்தைப் பார்த்தார், அந்த ஓரத்தைப் பார்த்தார்.

"கால் எங்க?"

"என்ன?"

"அம்மாவோட கால். மடியோட நின்னுருச்சே."

"பலகை பத்தல ஏட்டா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரிசு அன்றைக்குக் கடையில் இல்லை என்று நான் சொன்னேன்.

குருப்பு துணியைக் கையில் வைத்தபடி யோசித்தார். களத்தைக் கலைப்பது எப்போதும் காலிலிருந்துதான். காலில் தொடங்கி மேலே போக வேண்டும், முகம் கடைசி. அதை நான் எத்தனையோ கோயிலில் பார்த்திருக்கிறேன். மடியில் ஆரம்பித்துக் கலைத்தவர் யாருமில்லை. அவர் அப்பா செய்ததில்லை, அப்பாவின் அப்பா செய்ததில்லை.

"கால் போடாத களம் முடிஞ்ச களம் இல்ல," என்றார் கடைசியில். குரல் வழக்கம்போலக் கண்டிப்பாகவே இருந்தது. "முடியாத களத்தைக் கலைக்கிற வழக்கம் நம்ம வீட்டுல இல்ல. இது உனக்குத் தெரியாதா? பெரிய பலகை வாங்கி, கீழ ஒட்டி, காலைப் போடு. போட்டுட்டு ஆள் அனுப்பு. நான் வந்து கலைக்கிறேன்."

"சரி ஏட்டா."

பாட்டிலை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். துணியையும் கொடுத்தார். ஹம்சா மாஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாலகோபாலன் அவர் காலை மிதித்தார்.

பதினெட்டு வருஷம் ஆகிறது. படம் விலாசினி சேச்சியின் கூடத்தில் இருக்கிறது. அன்றிலிருந்து அவர் வெள்ளை வாங்குவதில்லை, மற்ற எல்லோரையும் போல ஓணத்துக்கு ஓணம் சுவருக்கு மஞ்சள்தான். குருப்புக்கு எண்பது நெருங்குகிறது, கண் பார்வை மங்கிவிட்டது. இருந்தாலும் மாதத்தில் ஒரு நாள் தங்கை வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டு வருகிறார். திரும்பும் வழியில் என் கடையில் இளைப்பாறுவார். உள்ளே வந்ததும் வலதுபக்கம் எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஷீட் இருபது முப்பது அடுக்கி வைத்திருப்பேன். அதில்தான் சாய்ந்து நிற்பார். சில சமயம் தடவிக்கூடப் பார்ப்பார்.

"அண்ணாச்சி, அந்தப் பெரிய பலகை வந்துச்சா?"

"இன்னும் வரல குருப்பே."

"பரவால்ல," என்பார் ஷீட்டில் சாய்ந்தபடியே. "மெதுவா வரட்டும்."